உத்தரிக்கிற ஸ்தலத்து முட்டை!

ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் எல்லோருக்கும் விடுமுறை. தோசைக் கல்லுக்கும், அதன் பக்கத்தில் நிற்கிறவளுக்கும் மட்டும் கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்களேன். வீட்டில் நாலு பேர், ஆளுக்கு நாலு தோசை என்றால் பதினாறு தோசை. ஒன்றுக்கு இரண்டரை நிமிஷம் என்று வைத்தாலும் நாற்பது நிமிஷம் நின்றாக வேண்டும். "அம்மா, முறுகலா இன்னொண்ணு!" என்ற குரல் ஓயும்போது மாவுப் பாத்திரத்தின் அடியில் கிடப்பதை ஒன்றரை தோசையாக ஊற்றி, ஆறிப்போன சட்னியோடு நின்றபடியே விழுங்கிவிட்டு மதியச் சமையலுக்கு அரிசி களைகிறோம். பூரி, ஆப்பம், அடை எதுவானாலும் இதே கதைதான். ருசியில் குறை சொல்லவில்லை. ஆனால் இவையெல்லாம் ஒருத்தியை அடுப்படியில் நிற்க வைத்துவிட்டு மற்றவர்கள் சுடச்சுடச் சாப்பிடுகிற பலகாரங்கள்.

நான் சொல்லப் போவது ஒரே சட்டியில் வெந்து, அந்தச் சட்டியோடு சாப்பாட்டு இடத்துக்கு வந்து, சமைத்தவளும் மற்றவர்களோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடக்கூடிய ஓர் அயிட்டம். சொந்த ஊர் இத்தாலி. காரசாரமான தக்காளிக் குழம்பில் முட்டையை உடைத்து விட்டு, மூடி வேக வைப்பார்கள். தொட்டுக்கொள்ள ரொட்டி. அவ்வளவுதான்! காலைப் பலகாரத்துக்கு மேலே, மதியச் சாப்பாட்டுக்குக் கீழே, பத்தரை பதினோரு மணி வாக்கில் சாப்பிட ஏற்றது. இந்த இரண்டுங்கெட்டான் வேளைச் சாப்பாட்டுக்கு இங்கிலீஷ்காரர்கள் 'ப்ரஞ்ச்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். 1895-ல் கை பெரிஞ்சர் என்ற இங்கிலாந்துக்காரர் ஒரு பத்திரிகையில் இதற்காக வாதாடிக் கட்டுரையே எழுதினார். ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்திருக்கிறவர்களுக்கு நல்ல வழி என்பது அவர் கட்சி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிற நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கும் இது பொருந்தத்தான் செய்கிறது.

பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள். 'உவோவா இன் புர்கடோரியோ'. உவோவா என்றால் முட்டைகள். புர்கடோரியோ என்பதற்கு என்ன தமிழ் என்று நான் அகராதி புரட்ட வேண்டியிருக்கவில்லை. விழுப்புரத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கிற கிறிஸ்தவ வீட்டு அக்காவிடம் கேட்டேன். "அதுவா? உத்தரிக்கிற ஸ்தலம்மா! நவம்பர் மாசம் பூரா நாங்க அந்த ஆத்துமாக்களுக்காகத்தானே வேண்டிக்கிறோம்" என்றார். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள் அன்று பூவும் மெழுகுவர்த்தியுமாக இந்தப் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்கள் ஜொலிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மோட்சத்துக்குப் போகுமுன் ஆத்துமா நெருப்பில் சுத்தமாகிற இடம் என்பது கத்தோலிக்கர்களின் நம்பிக்கை. சிவக்கக் கொதிக்கும் தக்காளி நெருப்பு, நடுவில் தவிக்கிற வெள்ளை முட்டை ஆத்துமா! தென் இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் இப்படி ஒரு பேர் வந்ததில் ஆச்சரியமில்லை. அந்த ஊரில் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களின் பேரிலேயே 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய மாதா கோயில் ஒன்று இருக்கிறது.

அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, "அங்க போயும் மொளகாய்தானா?" என்று ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்!

மிளகாய்தான். இத்தாலிச் சாப்பாடு என்றால் காரமே இல்லாமல் சப்பென்று இருக்கும் என்று நமக்கு ஓர் எண்ணம். வடக்கு இத்தாலியில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அதிகம் என்பது வாஸ்தவம். தெற்கே கலாப்ரியா என்ற பகுதி இருக்கிறது. அங்கே மிளகாய்ச் சரம் கட்டி வீட்டு வாசலில் உலர்த்துவார்கள். உண்மையில் மிளகாய் அவர்களுக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. தக்காளியும் அப்படியே. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கொலம்பஸ் 1492-ல் அங்கே கால் வைத்த பிறகுதான் ஐரோப்பாவுக்கு வந்தன. போர்த்துகீசியர் கப்பலில் மிளகாய் நம் கரைக்கு வந்து சேர்ந்தது 16-ஆம் நூற்றாண்டில். அதுவரை நம் பாட்டிகளின் பாட்டிகளுக்கு மிளகுதான் காரம். இத்தாலியில் தக்காளிக் குழம்பு அச்சில் ஏறியதே நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி என்ற சமையல் நிர்வாகி 1690-களில் வெளியிட்ட புத்தகத்தில்தான். ஆக, நம் ரசத்துக்கும் அவர்கள் குழம்புக்கும் மூல முதலாளி ஒருவரே.

என் மாமியார் திண்டிவனத்தில் இருக்கிறார். அங்கே போயிருந்தபோது இதைச் செய்தேன். அத்தை வாசப்படியில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாம்மா இது, நம்ம ஒடச்சி ஊத்தின முட்டைக் கொழம்புதானே? இதுக்கா இத்தாலி பேரு?" என்றார்.

நியாயமான கேள்வி. கொதிக்கிற குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றுவது தென்னாற்காட்டுப் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வேறுபாடு எங்கே என்றால், அவர்கள் எதையெல்லாம் போடாமல் விடுகிறார்கள் என்பதில். மல்லித்தூள் இல்லை, மஞ்சள் தூள் இல்லை, சோம்பு தேங்காய் அரைத்து விடுவதில்லை, கடுகு கறிவேப்பிலை தாளிப்பதில்லை. முக்கியமாகப் புளி இல்லை! 'திந்திரிணி' என்றால் புளி. புளியங்காடு என்பதுதான் திண்டிவனம் என்ற பேருக்கே அர்த்தம். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு புளி இல்லாமல் ஒரு குழம்பா என்று அத்தைக்கு மனசு ஒப்பவேயில்லை. "வெறும் தக்காளி எப்படிம்மா தாங்கும்?" என்று மூன்று தடவை கேட்டார். தாங்கும். ஆனால் அதற்கு இருபது நிமிஷம் பொறுமை வேண்டும். அதைச் செய்முறையில் சொல்கிறேன்.

சாமான்களுக்கு வருவோம். நாலு பேருக்கு நன்றாகப் பழுத்த தக்காளி முக்கால் கிலோ, முட்டை ஆறு, பூண்டு எட்டுப் பல், காய்ந்த மிளகாய் நாலு (உங்கள் வீட்டுக் காரத்துக்கு ஏற்ப ஒன்று கூட்டலாம், ஒன்று குறைக்கலாம்), எண்ணெய் மூன்று மேஜைக்கரண்டி, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, வாசனை இலை ஒரு கைப்பிடி. சின்ன வெங்காயம் ஐந்தாறு பொடியாக நறுக்கிச் சேர்க்கிறவர்களும் உண்டு. நான் சேர்ப்பதில்லை. பூண்டு தனியே பேசட்டும் என்று விட்டுவிடுவேன்.

தக்காளியில் நாட்டுத் தக்காளி புளிப்பு. சாறும் விதையும் அதிகம். பெங்களூர்த் தக்காளி சதைப்பற்று, புளிப்பு குறைவு. பாதிக்குப் பாதி கலந்து வாங்கினால் இந்தக் குழம்புக்குக் கச்சிதம். பெங்களூர் மட்டுமே கிடைத்தால் கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை; நாட்டுத் தக்காளி மட்டும் என்றால் சர்க்கரையை இன்னும் ஒரு சிட்டிகை கூட்டிக்கொள்ளுங்கள். விலைதான் நம் கையில் இல்லை. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் அறுபது ரூபாய்க்கு வரிசையில் நின்று வாங்கியதை யாரால் மறக்க முடியும்? அப்படிப்பட்ட மாசத்தில் இந்தப் பக்கத்தைத் தொடவே வேண்டாம். கூடை கூடையாக மலிகிற நாட்களில் மூன்று கிலோ வாங்கி, குழம்பு பதம் வரை மட்டும் கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிட்டு, டப்பாக்களில் ஃப்ரீஸரில் வைத்துவிடலாம். இரண்டு மாசம் தாராளமாக இருக்கும். வெறும் ஃப்ரிட்ஜ் என்றால் நாலு நாளோடு சரி.

எண்ணெய் விஷயத்தில் இத்தாலிக்காரர்கள் ஆலிவ் எண்ணெய் தவிர வேறு எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதன் விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். திண்டிவனத்துக்கு மருமகளாகப் போனவள் நான். கடலை எண்ணெய்தான் ஊற்றுவேன். நாட்டில் எத்தனையோ மாவட்டத்து விவசாயிகள் பயிரிட்ட டி.எம்.வி. ரக நிலக்கடலையில் 'டி.எம்.வி.' என்பது திண்டிவனத்தின் சுருக்கம் என்பது தெரியுமோ? அங்குள்ள எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் அவை. நிலக்கடலையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆகவே தக்காளி, மிளகாய், கடலை மூன்றும் ஒரே சட்டியில் சேர்கிறபோது பழைய சொந்தக்காரர்கள் சந்தித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்கில் ஆட்டிய எண்ணெயானால் பூண்டு வாசனை தூக்கும்.

வாசனை இலைக்கு அவர்கள் போடுவது 'பேசில்'. இதற்காகச் சென்னைக்கு ஆள் அனுப்ப வேண்டாம்! நம் திருநீற்றுப் பச்சிலைதான் அது. பலூடாவிலும் ரோஸ் மில்க்கிலும் மிதக்கிறதே சப்ஜா விதை, அது இந்தச் செடியின் விதை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, ஊற வைக்காமல் அப்படியே ஒரு தொட்டி மண்ணில் தூவி, லேசாகத் தண்ணீர் தெளித்து வாருங்கள். வெயில் படுகிற ஜன்னல் போதும். சில நாளில் முளைத்து, ஒன்றரை மாசத்தில் கிள்ள வரும். இத்தாலி ரகத்தைவிட வாசனை கொஞ்சம் காட்டமாக இருக்கும், நம் நாக்குக்கு அது சரிதான். துளசி போடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், அது வேறு செடி. கஷாய வாடை வந்துவிடும். இன்னொரு இரகசியம்: 'ஆரிகனோ' என்று பிட்ஸா கடையில் பொட்டலத்தில் தருகிறார்களே, கிட்டத்தட்ட அந்த மணம் நம் வீட்டுக் கற்பூரவல்லியில் இருக்கிறது. ஓமவல்லி என்பார்களே, அதுதான். சளிக்குக் கிள்ளிய செடியில் ஒரே ஓர் இலையை மிகப் பொடியாக நறுக்கிப் போட்டால் போதும். இரண்டு போட்டால் இருமல் மருந்து! எதுவும் இல்லையா, கொத்தமல்லித் தழை இருக்கவே இருக்கிறது.

ரொட்டிக்கு விழுப்புரத்துக்காரர்கள் பாக்கியசாலிகள். பாண்டிச்சேரிக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போய் வருகிற யாரிடமாவது சொல்லி வைத்தால், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வழக்கப்படி மேலே மொறுமொறுவென்று உள்ளே பஞ்சாக இருக்கிற நீள ரொட்டி வந்துவிடும். அதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. இன்னொன்று, 1968-ல் தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி நம் விழுப்புரம் மாவட்டத்து வானூர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள் வாழ்கிற அந்த இடத்தில் இத்தாலியர்களும் இருக்கிறார்கள். 'லா ஃபெர்ம்' என்ற பண்ணையில் பாலாடைக்கட்டிகூடத் தயாராகிறது. ஆகவே இத்தாலிச் சமையல் நமக்கு அப்படியொன்றும் கடல் கடந்த சங்கதி இல்லை. சீஸ் கிடைத்தால் ஒரு துண்டைத் துருவித் தூவலாம். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். ரொட்டிக்கும் வழியில்லாத நாளில் இடியாப்பம் நன்றாகப் பொருந்துகிறது. முதல்நாள் இட்லியைக் கீறி வாட்டியும் தொட்டுக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் நடக்கிறது.

இனி அடுப்பைப் பற்ற வையுங்கள்.

தக்காளியைத் தோல் நீக்கித்தான் போட வேண்டும். வெந்நீரில் போட்டு உரிக்கிற வேலையெல்லாம் எதற்கு? பாதியாக நறுக்கி, வெட்டிய பக்கத்தைக் காய் துருவியில் தேயுங்கள். சதை முழுவதும் கிண்ணத்தில் விழும், தோல் உங்கள் கையில் நின்றுவிடும். மிக்ஸியில் அடித்தால் நுரைத்து, நிறம் வெளுத்துப் போகும். அதனால்தான் துருவி என்கிறேன்.

வாயகன்ற, அடி கனமான சட்டியாக எடுங்கள். ஆறு முட்டை ஒன்றையொன்று முட்டாமல் உட்கார இடம் வேண்டும். அலுமினியம் வேண்டாம், தக்காளிப் புளிப்பு அதை அரிக்கும். இரும்பு வாணலியில் செய்தால் கொஞ்சம் இரும்புச் சத்து குழம்பில் இறங்கும் என்பது உண்மை. ஆனால் நிறம் கறுத்து ஒரு துரு ருசி தட்டும். எனக்குப் பிடித்தது பழகிய மண்சட்டி. அதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டி சூட்டை விடாது. முட்டை உள்ளே வெந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு நிமிஷம் முன்னாலேயே இறக்கிவிடுங்கள்.

எண்ணெயை ஊற்றி, அது காய்வதற்கு முன்பே மெல்லிசாக நறுக்கிய பூண்டைப் போடுங்கள். நம் தாளிப்புப் பழக்கத்துக்கு இது நேர் எதிர். எண்ணெய் மெதுவாகச் சூடேற ஏற பூண்டு தன் வாசனையை அதில் விடும். ஓரம் பொன் நிறமானதும் மிளகாயைக் கிள்ளி விதையோடு போட்டு, பத்து எண்ணுவதற்குள் தக்காளியைக் கொட்டிவிடுங்கள். மிளகாய் கறுத்தால் வீடே இருமும். உப்பு, சர்க்கரை சேருங்கள்.

இப்போதுதான் அந்த இருபது நிமிஷம். மிதமான தீயில், மூடாமல், அவ்வப்போது கிளறி விடுங்கள். முதல் பத்து நிமிஷம் பச்சைத் தக்காளி வாடை வரும். குழம்பு தண்ணீராக, இளஞ்சிவப்பாக இருக்கும். பயந்து மல்லித்தூளை எடுக்காதீர்கள்! அதன் பிறகு நிறம் ஆழமாகி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, புளிப்பு அடங்கி ஓர் இனிப்பு வரும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் அதிகம். முட்டை மூழ்கி, வெள்ளைக்கரு நூல் நூலாகப் பிரியும். கோடு மூடவே இல்லை என்றால் தொக்காகிவிட்டது. முட்டை வேகுமுன் அடிபிடிக்கும், கால் டம்ளர் வெந்நீர் விடுங்கள். கோடு ஒரு கணம் நின்று, மெதுவாக மூடினால் அதுதான் பதம். அத்தை இந்தக் கட்டத்தில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "சரி, தாங்குது" என்றார். அதற்கு மேல் சர்டிபிகேட் எனக்கு வேண்டாம்.

தீயைக் குறையுங்கள். முட்டையை நேராகச் சட்டியில் உடைக்காதீர்கள். ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து ஊற்றுங்கள். ஓர் அழுகல் முட்டை விழுந்தால் சட்டி முழுவதும் வீண். (சந்தேகமிருந்தால் உடைக்குமுன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உள்ளே காற்றறை பெரிதாகி மிதக்கிறதென்றால் பழசு.) கரண்டியின் முதுகால் குழம்பில் ஆறு குழி செய்து, குழிக்கு ஒன்றாக இறக்குங்கள். வெள்ளைக்கரு மேல் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு. மூடி போடுங்கள். சட்டியைக் கிளறவோ குலுக்கவோ கூடாது.

எத்தனை நிமிஷம்? இத்தாலிக்காரர்கள் நாலைந்து நிமிஷத்தில் இறக்கி, வெள்ளை இறுகி, மஞ்சள் கரு இளகியபடி ரொட்டியில் வழிய வழியச் சாப்பிடுவார்கள். பார்க்க அழகு. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் பத்திரிகையில் இதை அப்படியே எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

முட்டையில் 'சால்மோனெல்லா' என்ற கிருமி இருக்கக்கூடும். பார்த்தாலோ முகர்ந்தாலோ தெரியாது. பேதி, வாந்தி, காய்ச்சல் என்று படுக்க வைத்துவிடும். மற்றவர்கள் சில நாட்களில் எழுந்துவிடலாம். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோயாளிகள் பாடு அப்படியல்ல. முட்டை 71 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டால் அந்தக் கிருமி அழியும். மஞ்சள் கரு கெட்டியாகிற கட்டமும் கிட்டத்தட்ட அதுதான். ஆகவே வீட்டில் மேற்சொன்னவர்கள் யாராவது இருந்தால் எட்டு ஒன்பது நிமிஷம் மூடி, மஞ்சள் முழுக்க இறுகிய பிறகே இறக்குங்கள். இந்தக் குழம்பில் வெந்தால் கெட்டி மஞ்சளும் வறண்டு போகாது. கிழித்துக் குழம்பில் புரட்டிச் சாப்பிட்டால் மாவாகக் கரையும்.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை நாட்டுக்கோழி முட்டையைத் தொண்டையில் ஊற்றி, மேலே நல்லெண்ணெயும் கொடுப்பது நம் பக்கத்தில் வழக்கம். இடுப்புக்குப் பலம் என்பார்கள். முட்டை பலம்தான், பச்சையாக ஏன்? பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் ஒரு புரதம் 'பயோட்டின்' என்ற வைட்டமினைக் கட்டிப்போட்டு உடம்பில் சேரவிடாது. கிருமி பயம் வேறு. வேக வைத்தால் இரண்டு தொல்லையும் தீர்ந்தது, புரதமும் சுலபமாக ஜீரணமாகும். நாட்டுக்கோழி முட்டை என்பதால் கிருமி வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பாட்டிமார்களோடு சண்டை போடச் சொல்லவில்லை. இந்தச் சட்டியை நடுவில் வைத்து, "பாட்டி, எண்ணெய் நீங்க குடுங்க, முட்டை நான் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு முட்டை 'சூடு' என்று ஒதுக்குகிற வீடுகளும் இருக்கின்றன. பால் கொடுக்கிறவளுக்குப் புரதம் கூடுதலாகத் தேவைப்படுகிற சமயம் அது. ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் நல்ல புரதம் இருக்கிறது. நன்றாக வெந்த முட்டையால் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல் வராது. காரத்தை மட்டும் அவரவர் வயிற்றுக்குத் தக்கபடி குறைத்துக்கொண்டால் போதும். நெஞ்செரிச்சல், வயிற்றுப் புண் உள்ளவர்கள் மிளகாயையும் தக்காளியையும் சேர்த்துச் சாப்பிடுகிற இந்த அயிட்டத்தை ஒதுக்குவது நல்லது.

கைக்குழந்தைக்கு ஆறு மாசம் முடிந்து திட உணவு ஆரம்பித்த பிறகு, நன்றாக வெந்த முட்டையைக் கொஞ்சமாக மசித்துக் கொடுத்துப் பார்க்கலாம். தடிப்பு, வாந்தி, முகம் வீங்குவது என்று ஏதாவது கண்டால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காரம் ஆகாதே என்றால் வழி இருக்கிறது. மிளகாயை முதலில் போடாமல் குழம்பை முடித்து, முட்டையும் வெந்த பிறகு, ஒரு கரண்டி எண்ணெயில் மிளகாயைத் தனியே பொரித்துச் சட்டியின் ஒரு பாதியில் மட்டும் ஊற்றுங்கள். இந்தப் பக்கம் பெரியவர்கள் எல்லை, அந்தப் பக்கம் பிள்ளைகள் எல்லை! தக்காளி முட்டை நம் பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல. சத்துணவில் 1989-ல் முட்டை வந்து, 2010-ல் வாரத்துக்கு ஐந்தானது. 2013-ல் சில ஒன்றியங்களில் தொடங்கிய பலவகைச் சாப்பாட்டில் மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை எல்லாம் உண்டு. அரசாங்கமே அங்கீகரித்த ஜோடி.

கொலஸ்ட்ரால் என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தால், ஆரோக்கியமாக இருக்கிறவர்களுக்குத் தினம் ஒரு முட்டையால் பாதகம் இல்லை என்றுதான் இன்றைக்குப் பொதுவாகச் சொல்கிறார்கள் என்று சொல்லுங்கள். சர்க்கரை வியாதி, இருதய நோய் உள்ளவர்கள் மட்டும் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இரத்தச் சோகைக்கு முட்டை மருந்து என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தச் சோகை, தமிழ்நாடும் விலக்கல்ல. ஆனால் ஒரு முட்டையில் இருக்கும் இரும்புச் சத்து ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது, அதுவும் சுலபத்தில் உடம்பில் ஒட்டாது. வைட்டமின் 'சி' இருந்தால் ஒட்டும். தக்காளியில் அது உண்டுதான், இருபது நிமிஷக் கொதியில் ஒரு பகுதி போய்விடுகிறது. அதனால்தான் இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியவும், பச்சை இலையைக் கடைசியில் தூவவும் சொல்கிறேன். சட்டிக்குப் பக்கத்திலேயே டீயும் காப்பியும் வைக்காதீர்கள். இருக்கிற கொஞ்சம் இரும்பையும் அவை தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். சோகைக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு முட்டை சாப்பிடுகிறேன் என்று மட்டும் யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

முட்டை வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் ரொட்டியைத் தோசைக் கல்லில் இருபுறமும் வாட்டி, உரித்த பூண்டுப் பல்லை அதன் மேல் தேயுங்கள். சூட்டில் பூண்டு தானாகக் கரையும். இந்த வேலையை வீட்டுக்காரரிடமோ பெரிய பிள்ளையிடமோ விடலாம், கருக்கினாலும் பெரிய நஷ்டம் இல்லை. தட்டுகளை முன்னாலேயே எடுத்து வைத்துவிடுங்கள். சட்டியை மனைமேல் இறக்கி, மூடியை எல்லோர் முன்னாலும் திறங்கள். பிறகு நீங்களும் உட்காருங்கள். நாலு பேருக்கு ஆறு முட்டை எதற்கு என்று நினைத்திருப்பீர்கள். ஆளுக்கு ஒன்று போக இரண்டு மிச்சம். "எனக்கு வேணாம், நீங்க சாப்பிடுங்க" என்று அம்மா தன் பங்கைத் தள்ளிவிட வழியில்லாமல் இருக்கத்தான் அந்த இரண்டு! முட்டை குறைந்தால் அது யார் தட்டில் குறைகிறது என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன?

எங்கள் வீட்டில் முதல் தடவை எல்லாம் முடிந்த பிறகு, "நல்லாத்தான் இருக்கு. சோறு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் இவர். பதினோரு மணிக்கு இரண்டு வேளையையும் சேர்த்துச் சாப்பிட்டாயிற்று என்பதை விளக்க வேண்டியிருந்தது. நாலு மணிக்குச் சுண்டலோ பழமோ கொடுத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துக்கொண்டோம். ஒரு வேளைப் பாத்திரம் மிச்சம்.

புரட்டாசி மாசமும் விரத நாட்களும் வந்தால் முட்டைக்குப் பதில் பன்னீர்த் துண்டுகளோ, வேக வைத்த கொண்டைக்கடலையோ அதே குழம்பில் போடலாம். முட்டைக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி என்று வைத்திருக்கிற வீடுகளில் பாத்திரத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் வாடை நிற்காது. முதலிலேயே வெந்நீர் விட்டால் முட்டை இறுகி ஒட்டிக்கொள்ளும். வாங்கி வந்த முட்டையைக் கழுவி அடுக்காதீர்கள். ஓட்டின் நுண்துளை வழியாக ஈரத்தோடு அழுக்கும் உள்ளே இறங்கும். துடைத்து வைத்து, உடைக்கப் போகும்போது கழுவினால் போதும். சட்டியில் குழம்பு மட்டும் மீந்தால் திங்கட்கிழமை சேமியாவில் கிளறி டிபன் டப்பாவில் கட்டிவிடுங்கள். முட்டை மீந்தால் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, அன்றைக்கு ராத்திரியே நன்றாகக் கொதிக்கச் சூடுபண்ணித் தீர்த்துவிட வேண்டும்.